கை எட்டும் தூரத்தில் இஞ்சின்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பாரோயிலிருந்து சிரம்பான் வழியாகப் போர்ட்டிக்சனுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழிநெடுக ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள். இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை முதலில் ஈயத்தையும் பிறகு ரப்பரையும் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்த வட்டாரத் தோட்டங்களில் ஆலை இஞ்சினைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கொட்டகையின் நடுவில் சிமெண்டு மேடை, அதன்மேல் இஞ்சின், சுற்றிலும் ஆள் நடக்க இடம். எண்ணெய் ஊற்றவோ பெல்ட் மாற்றவோ யாரும் எதன் அடியிலும் தவழ வேண்டியதில்லை.

அதே பாதையின் கடைசியில், போர்ட்டிக்சன் அட்மிரல் மரினா போன்ற படகுத்துறைகளில் நிற்கும் முப்பது, நாற்பது வயதுப் பாய்மரப் படகுகளில் நிலைமை தலைகீழ். இஞ்சின் இருக்கிறது, நல்ல இஞ்சினாகவே இருக்கிறது. ஆனால் படிக்கட்டைக் கழற்றி, மெத்தையைத் தூக்கி, பலகையின் திருகாணிகளை எடுத்தபிறகும் அதன் பாதியைத்தான் பார்க்க முடிகிறது. மீதிப் பாதியைக் கையால் தடவித்தான் அறிய வேண்டும். பழைய படகை வைத்திருப்பவர்கள் இஞ்சினின் வயதைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு அதை எட்டமுடியாத நிலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உண்மையில், பணம் செலவிடவேண்டிய வரிசையில் முதலிடம் புதிய இஞ்சினுக்கும் இல்லை, பளபளக்கும் கருவிகளுக்கும் இல்லை; இருக்கும் இஞ்சினை எட்டுவதற்கான வழிக்குத்தான். இந்தக் கட்டுரை அதற்கான காரணங்களையும் வழிகளையும், அந்த வழிகளில் உள்ள ஆபத்துகளையும் பார்க்கிறது.

மலாக்கா நீரிணையில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. இங்கே காற்று பெரும்பாலான நாட்களில் மெலிந்தது, நிலையற்றது. பாய்மரப் படகு என்று பெயர் இருந்தாலும் போர்ட்டிக்சனிலிருந்து கிள்ளானுக்கோ பங்கோருக்கோ லங்காவிக்கோ போகிறவர்கள் வழியின் பெரும்பகுதியை இஞ்சினில்தான் கடக்கிறார்கள். ஓரத்தில் மீன்பிடி வலைகளும் மிதக்கும் மரக்கட்டைகளும். நடுவில் ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போய்வரும் வழித்தடம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் ‘சுமத்ரா’ என்று கடலோடிகள் அழைக்கும் திடீர்ப் புயற்காற்று பாயும். அந்த நேரத்தில் இஞ்சின் நின்றுவிட்டால், டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் சின்னத் திருகாணி எங்கே இருக்கிறது என்பதும், அதுவரை கை போகுமா என்பதும் படகின் கதியைத் தீர்மானிக்கும். 1824இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. உயிர்மீட்புப் படகு அமைப்புக்குப் பொழுதுபோக்குப் படகுகளிடமிருந்து வரும் உதவி அழைப்புகளில் இயந்திரக் கோளாறு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. காற்று தாராளமாக வீசும் கடலிலேயே இதுதான் நிலை.

இஞ்சின் எப்படி இவ்வளவு ஆழத்தில் போய்ப் புதைந்தது? விடை படகு கட்டும் முறையில் இருக்கிறது. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனத்தின் 28 அடி டிரைட்டன் அறிமுகமானதிலிருந்து ஃபைபர் கண்ணாடிப் படகுகள் தொழிற்சாலைப் பொருளாயின. அடிப்பகுதி ஓர் அச்சில், மேல்தளம் வேறோர் அச்சில். அடிப்பகுதி திறந்து கிடக்கும்போதே இஞ்சினையும் டீசல் தொட்டியையும் பளுதூக்கியில் தொங்கவிட்டு இறக்கிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் எல்லாம் கைக்கு எட்டும். பிறகு தளம் வந்து மூடும், உள்ளே அலமாரியும் படுக்கையும் சமையல் மேடையும் முளைக்கும். பொருத்தியவர் கண்ட திறந்தவெளியைப் படகை வாங்கியவர் ஒருநாளும் காண்பதில்லை. போதாக்குறைக்கு, 30 அடிப் படகில் எத்தனை பேர் தூங்கலாம் என்பதுதான் அன்றைய விளம்பரப் போட்டி. ஒவ்வொரு கூடுதல் படுக்கையும் இஞ்சினைச் சுற்றியிருந்த இடத்தில் கொஞ்சத்தை விழுங்கியது.

இன்னொரு காரணம் மனப்பான்மை சார்ந்தது. பாய்மரப் படகில் இஞ்சின் ஒரு துணைப்பொருள் என்ற எண்ணம் வடிவமைப்பாளர்களிடம் வேரூன்றியிருந்தது. துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் அது போதும் என்று கருதினார்கள். இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும் இதே பார்வை இருந்தது: பாயை மட்டும் கொண்டு செல்லப் போதிய பாய்ப்பரப்பு இருந்தால், இஞ்சின் பொருத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாய்க்கப்பல்தான். தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலம் பாயை மட்டுமே நம்பி இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய மரக்கலங்கள். பின்னர் அவற்றிலும் டீசல் இஞ்சின் ஏறியது. ஆனால் தோணி, பிழைப்புக்கான கலம். இஞ்சின் நின்றால் அன்றைய வருமானம் நிற்கும் என்பதால் அங்கே இஞ்சினுக்கென்று ஆள் உண்டு, அந்த ஆளுக்கென்று இடமும் உண்டு. நெகிரி செம்பிலான் கரையோரத்து மரத்தாலான மீன்பிடிப் படகுகளும் அப்படியே. லோரி இஞ்சினை மாற்றியமைத்துப் பொருத்தி, மேலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பெட்டியைத் தூக்கினால் முழு இஞ்சினும் கண்முன்னே. அழகு கொஞ்சம் குறைவு, வேலை சுலபம். பழைய பாய்மரப் படகைச் சீரமைப்பவர் முதலில் போய்ப் பார்க்கவேண்டியது இந்த மீன்பிடிப் படகுகளைத்தான்.

எட்டாத இடம் என்ன கெடுதல் செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு வேலையை அருகில் பார்த்தால் போதும். கடல்நீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விக்கும் பம்பினுள்ளே இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பொருள், விலையும் பெரிதில்லை. தண்ணீர் வராமல் பம்ப் வறண்டு சுழன்றால் இதன் இதழ்கள் மிகச் சீக்கிரம் கருகிப் பிய்ந்துவிடும். மேசைமேல் வைத்த பம்பில் இதை மாற்றப் பத்து நிமிடம் தாராளம். பல பழைய படகுகளில் அந்தப் பம்பின் மூடி, தடுப்புச் சுவரைப் பார்த்தபடி ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது. மெக்கானிக் பின்பக்கப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையைத் தோள்வரை ஓட்டைக்குள் விடுகிறார். கை உள்ளே போனதும் ஓட்டை அடைபட்டுவிடுகிறது; இனி விரல்தான் கண். மூடியின் சிறு பித்தளைத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். மூன்றாவது நழுவி, இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் கலந்த நீர் தேங்கும் பில்ஜ் பள்ளத்தில் விழுகிறது. பித்தளை என்பதால் காந்தம் அதை எடுக்காது. வெளியே 33 டிகிரி வெயில், உள்ளே அதைவிட அதிகம். இம்பெல்லரை எடுத்துப் பார்த்தால் இரண்டு இதழ்களைக் காணவில்லை. அவை வெப்ப மாற்றியின் குழாய்களில் போய் அடைந்திருக்கும்; அதைத் திறக்க மறுபக்கம் போகவேண்டும், மறுபக்கத்திலோ சுவர். இப்படி ஓர் அனுபவம் வாய்த்தவர் அடுத்த ஆண்டு அந்த வேலையைத் தள்ளிப்போடுவார். இன்னும் ஓராண்டு ஓடும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். பராமரிப்பு கெடுவது இந்த இடத்தில்தான்.

படகைச் சோதித்து அறிக்கை எழுதும் சர்வேயர்களும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். சோதனை நேரத்தில் இந்தப் பகுதியை எட்ட முடியவில்லை என்ற வரி பழைய படகுகளின் அறிக்கைகளில் அடிக்கடி வரும். வாங்குபவர்கள் அதைச் சடங்கு வாசகமாக எண்ணித் தாண்டிப்போகிறார்கள். உண்மையில் அறிக்கையின் மிக முக்கியமான தகவல் அதுவாகவே இருக்கலாம். சர்வேயரால் பார்க்க முடியாத இடத்தை முந்தைய உரிமையாளரும் பார்த்திருக்க மாட்டார்.

மலேசியாவில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயமும் இங்கே சேர்கிறது. 2019இல் போக்குவரத்து டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருள் கலப்பது கட்டாயமானது. அதற்கு முன்பே ஏழு விழுக்காடு கலந்துதான் விற்றார்கள். இந்த உயிரி டீசல் புகையைக் குறைக்கிறது, மசகுத்தன்மையும் கூடுதல். ஆனால் பழைய தொட்டிகளுக்கு அது சோப்புப் போட்ட மாதிரி: பல்லாண்டாக அடியில் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பிவைக்கும். ஈரத்தையும் எளிதில் ஈர்க்கும். வெப்பமண்டலத்தில் டீசலுக்கும் அதன் அடியில் தேங்கும் நீருக்கும் இடையே நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகும். பழைய ரப்பர்க் குழாய்களில் சில இந்த எரிபொருளில் ஊறி இளகும். ஆக, ரந்தாவ், சிலியாவ் பக்கம் ரப்பர் இருந்த நிலத்தில் நட்ட செம்பனையின் எண்ணெய், போர்ட்டிக்சனில் நிற்கும் படகின் ஃபில்டரை அடிக்கடி மாற்றச் சொல்கிறது. ஐரோப்பியக் கையேடு ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லும் வேலை இங்கே இரண்டு மூன்று முறை வரலாம். ஃபில்டர் எட்டாத இடத்தில் இருந்தால் அத்தனை முறையும் அதே அவதி.

சீரமைப்பை எங்கே தொடங்குவது? பட்டியலில் தொடங்குவதுதான் சரி, ரம்பத்தில் அல்ல. எண்ணெய் அளவு, குளிர்நீர், கடல்நீர் வடிகட்டி, பெல்ட், அடியில் கசிவு ஆகியவை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்க்கவேண்டியவை. எண்ணெயும் எண்ணெய் ஃபில்டரும் பல பழைய இஞ்சின்களில் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியவை. இம்பெல்லர், டீசல் ஃபில்டர்கள், துத்தநாகத் துண்டு, புகைக்குழாயும் நீரும் சேரும் வளைவு, இஞ்சின் தாங்கிகள், சுழல்தண்டின் நீரடைப்பு ஆகியவை ஆண்டு வேலை. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர் அபூர்வமாகக் கைவைப்பவை. ஆனால் பழுதானால் கடலிலேயே கைவைக்க நேரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: கண் எட்டுகிறதா, கை எட்டுகிறதா? இரண்டும் ஒரே நேரத்தில் எட்டவேண்டும். ஆகவே ஒரு பெரிய ஓட்டையைவிட, கைக்கு ஒன்றும் கண்ணுக்கும் விளக்குக்கும் ஒன்றுமாக இரண்டு சிறிய திறப்புகள் பல இடங்களில் அதிகம் உதவும்.

மலிவான வழி, ஆள் போகமுடியாத இடத்திலிருந்து வேலையை வெளியே கொண்டுவருவது. இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியின் வடிகால் துளையில் குழாய் பொருத்தி ஒரு சிறு கைப்பம்பில் முடித்துவிட்டால், இஞ்சினுக்கு அடியில் யாரும் கைவிட வேண்டியதில்லை. முதல் டீசல் ஃபில்டரை இஞ்சினிலிருந்து விலக்கி, படிக்கட்டுக்குப் பின்புறச் சுவரில் கண்ணாடிக் கிண்ணம் தெரிய வைத்தால் நீர் தேங்குவது ஒரு பார்வையில் தெரியும். எண்ணெய் ஃபில்டரையும் குழாய் வழியே இடம் மாற்றலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இடம். அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய் வெடித்தால் இஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் வறண்டுவிடும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் குழாய் இங்கே உதவாது, டீசலுக்கு ஐ.எஸ்.ஓ. 7840 தீத்தாங்கு தரமுள்ள குழாய் வேண்டும். அதையும் அசைவிலும் உராய்விலும் தேயாதபடி கட்டிவைக்க வேண்டும். எண்ணெய் ஃபில்டரை எப்படியோ கை எட்டுமானால் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பம்ப் மூடிக்கும் இதே தர்க்கம். சிறு திருகாணிகளுக்குப் பதிலாக விரலால் திருகக்கூடிய பெரிய குமிழ்கள் கொண்ட மாற்று மூடிகள் பல பம்புகளுக்குக் கிடைக்கின்றன. பிரிட்டனில் உருவான ஸ்பீட்சீல் இவற்றில் பெயர்பெற்றது. இருட்டில், ஆடும் படகில், ஒற்றைக் கையால் திறக்க முடிவது பெரிய மாற்றம். ஒரு வெள்ளை வண்ணப்பூச்சையும் இதில் சேர்க்கலாம். இஞ்சின் அறையின் சுவர்களை வெளுத்து, கறுத்துப்போன பழைய நுரைப்பஞ்சை நீக்கி, இரண்டு எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்தினால் கசிவும் துருவும் தாமாகவே காட்டிக்கொடுக்கும். அந்தப் பழைய நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்று உறிஞ்சும் வாயில் போய்ச் சேர்வதும் நிற்கும்.

அடுத்தது வெட்டும் வேலை. இங்கேதான் ஆர்வம் அறிவை முந்திவிடுகிறது. பெரும்பாலான படகுகளில் மூன்று இடங்களில் திறக்கலாம். முன்பக்கம் படிக்கட்டு: திருகாணிகளை நீக்கிவிட்டு கீல் வைத்தோ கொக்கியில் மாட்டியோ ஒரே இழுப்பில் வரும்படி செய்யலாம். படகு சாயும்போது படி கழன்று ஆளைத் தள்ளாதபடி தாழ்ப்பாள் மட்டும் உறுதியாக இருக்கவேண்டும். பக்கவாட்டில் பின்பக்கப் படுக்கையை ஒட்டிய பலகை: இதைத் திறந்தால்தான் பம்பும் ஸ்டார்ட்டரும் புகைக்குழாய் வளைவும் பெரும்பாலும் வசப்படும். மேலே, சுக்கான் பிடிப்பவர் கால்வைக்கும் காக்பிட் தரை.

பக்கப்பலகை என்று பெயர் இருந்தாலும் அது வெறும் மறைப்பா, படகின் சுமையைத் தாங்கும் தடுப்புச் சுவரா என்பதை வெட்டுவதற்கு முன் உறுதிசெய்ய வேண்டும். படகின் உடலோடு ஃபைபர் பட்டை வைத்து ஒட்டியிருந்தால் அது சுமை தாங்குவது. அப்படிப்பட்ட சுவரில் திறப்பு வேண்டுமென்றால் ஓரங்களில் தாராளமாக விளிம்பு விட்டு, மூலைகளை வளைவாக வெட்டி, சுற்றிலும் சட்டம் ஒட்டவேண்டும். விரிசல் எப்போதும் கூரான மூலையில்தான் பிறக்கும். இஞ்சின் படுத்திருக்கும் நீளத் தாங்குகட்டைகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. மரப்படகில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். திரெங்கானுவின் டூயோங் தீவில் செங்கால் பலகைகளை மர ஆணிகளால் பிணைத்து, வரைபடமே இல்லாமல் படகு கட்டிய மரபு உண்டு. அத்தகைய கலத்தில் எந்தப் பலகை எதைத் தாங்குகிறது என்பதைச் சொல்ல ஏடு கிடையாது. கட்டியவரையோ அவரிடம் பழகியவரையோதான் கேட்கவேண்டும்.

காக்பிட் தரையில் திறப்பு வைப்பது எல்லாவற்றிலும் பெரிய வரம். பிரெஞ்சு நிறுவனமான ஆமெல் 1989இலிருந்து கட்டிய சூப்பர் மராமு படகில் காக்பிட் தரையே மேலே திறந்துகொள்ளும். கீழே வாழும் அறையிலிருந்து தனியாகப் பிரித்த இஞ்சின் அறை. ஆள் இறங்கி வேலை செய்யலாம். டீசல் வாடைகூட கேபினுக்குள் வராது. பழைய படகில் இதைப் பின்பற்ற நினைப்பவர் மறந்துவிடக் கூடாதது ஒன்று: அலை ஏறினால் காக்பிட் நிரம்பும். அப்போது அந்த மூடிக்குக் கீழே இருப்பது ஸ்டார்ட்டரும் மின்கம்பிகளும். மூடியைச் சுற்றி வடிகால் பள்ளம், நல்ல ரப்பர் அடைப்பு, பல இடங்களில் இறுக்கும் தாழ்ப்பாள் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தரை பெரும்பாலும் இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. வெட்டிய விளிம்பில் அந்த மரத்தை ஒரு விரற்கடை அளவு சுரண்டி எடுத்து, எபோக்ஸிக் கலவையால் நிரப்பி அடைக்காவிட்டால், இரண்டு மழைக்காலத்தில் தரை முழுதும் ஊறிப் பொதபொதத்துவிடும். நம்மூர் மழைக்கு இரண்டு ஆண்டுகூடத் தேவைப்படாது.

எந்தத் திறப்பும் மூடும்போது ஒழுங்காக மூடவேண்டும். இரைச்சல் வருவது தொல்லை. புகை வருவது உயிராபத்து. தீப்பிடித்தால் கதவைத் திறப்பது நெருப்புக்குக் காற்று கொடுப்பதாகும். அதனால் புதிதாகச் செய்யும் பலகையில், தீயணைப்பானின் மூக்கு நுழையும் அளவுக்கு மூடியோடு கூடிய சிறு துளை ஒன்று வைப்பது நல்ல வழக்கம். செலவு ஒன்றுமில்லை, ஆனால் பழைய படகுகளில் அரிதாகவே காணக்கிடைக்கிறது.

ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும் ஒரு விஷயம் இஞ்சின் தாங்கிகள். அதிர்வை உறிஞ்சும் இந்தத் தாங்கிகளில் இயற்கை ரப்பர் பரவலாகப் பயன்படுகிறது. நெளிந்து மீளும் குணத்தில் அதற்கு நிகராகச் செயற்கை ரப்பர்கள் பல வருவதில்லை. ஆனால் இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. மேலே ஃபில்டரிலிருந்து சொட்டும் டீசல் ஆண்டுக்கணக்கில் விழுந்தால் தாங்கி ஊதி, இளகி, ஒரு பக்கம் தாழும். இஞ்சின் சாய்ந்ததும் சுழல்தண்டின் நேர்கோடு தவறும், அதிர்வு கூடும், கியர் பெட்டியும் நீரடைப்பும் தேயும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் யாருக்கும் தெரியாத மூலையில் விழுந்த ஒரு சொட்டு. அந்த மூலையில் ஒரு கைக்கண்ணாடியையோ கைப்பேசியின் கேமராவையோ நீட்டிப் பார்க்க ஓர் இடுக்கு இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

இவ்வளவும் செய்தபிறகும் இஞ்சினையே மாற்றவேண்டிய கட்டம் சில படகுகளுக்கு வரத்தான் செய்யும். 1970, 80களின் படகுகளில் பரவலாக இருந்த பெர்கின்ஸ் 4-108 போன்றவை உழைப்பாளி இஞ்சின்கள். ஆனால் எரிபொருள் பாதையில் காற்று புகுந்தால் பல இடங்களில் திருகாணி தளர்த்தி வெளியேற்றச் சொல்பவை. அமெரிக்காவில் 1947 முதல் 1985 வரை தயாரான அட்டாமிக் 4, பெட்ரோல் இஞ்சின். மூடிய அறையில் பெட்ரோல் ஆவி சேரும் ஆபத்தினாலேயே பலர் அதை நீக்கி டீசலுக்கு மாறினார்கள். மாற்றும்போது குதிரைத்திறனையும் விலையையும் ஒப்பிடுகிறவர்கள், பராமரிப்பு முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேட்பதில்லை. குபோட்டா இஞ்சினை அடிப்படையாகக் கொண்ட பீட்டா மரின் போன்றோர் அந்த முனைகளை முன்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் திரட்டி வைப்பதையே தங்கள் சிறப்பாகச் சொல்கிறார்கள். அது விளம்பரத்துக்கான பேச்சு மட்டுமல்ல. வி-டிரைவ் அமைப்பில் இஞ்சின் திரும்பி நிற்பதால் வழக்கமான முன்பக்கம் படகின் பின்புறத்தைப் பார்க்கும். அப்படிப்பட்ட படகுக்கு முன்பக்கத்தில் எல்லாம் வைத்த இஞ்சின் அவ்வளவாக உதவாது.

எனவே புதிய இஞ்சினுக்கு முன்பணம் கட்டும் முன் அதன் அளவு வரைபடத்தை வாங்கி, கடின அட்டையில் அதே உருவத்தைச் செய்து, பம்ப், ஃபில்டர், டிப்ஸ்டிக் இருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்து, பழைய இஞ்சின் இருந்த குழியில் இறக்கிப் பார்க்கவேண்டும். படிக்கட்டையும் பலகைகளையும் திரும்பப் பொருத்தி, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு சிவப்புக் குறியையும் எட்டிப்பார்க்க வேண்டும். எட்டாத குறி ஒன்றிருந்தால், இஞ்சின் வருவதற்கு முன் திறப்பை வைத்துவிடலாம். குழி காலியாக இருக்கும்போது தச்சருக்கு உள்ளே உட்கார இடமிருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கவும் தாங்குகட்டையைச் சோதிக்கவும் குழாய்களை மாற்றவும் வயரிங்கைப் புதுப்பிக்கவும் அதுவே தோதான நேரம்.